பெருங்களத்தூரில் பிறந்த ஹெரால்டு

உங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டிலிலோ, பாட்டனார் வீட்டு முற்றத்திலோ, தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று பல்லாண்டுகளாக அசையாமல் நிற்கிறதா? நிற்கிறது என்றால், அதைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னர் இக்கட்டுரையை ஒருமுறை படித்துவிடுமாறு வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்படியொரு கார் நின்றது. 1970-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவுகள் கொண்டது. வாப்பா அதை 1978-இல் பிறரிடமிருந்து வாங்கி, 1991 வரை ஓட்டினார்கள். பின்னர் அது கொட்டிலுக்குள் சென்றது. எங்களுடையது கடற்கரை ஊர். உப்புக் காற்றுக்கு இரும்பின்மீது உள்ள பசியை அவ்வூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாப்பா 2009-இல் காலமான பின்பும், "அவங்க வண்டி நிக்கட்டும்" என்று உம்மா சொல்லிவிட்டதால் அது நின்றது. என் காக்காவோ, "இரும்பு விலைக்காவது கொடுத்துவிடு தம்பி, இடமாவது மிஞ்சும்" என்று ஆண்டுதோறும் அறிவுரை வழங்கி வந்தார். 2018-இல் நான் தார்ப்பாயை விலக்கினேன். உம்மாவுக்கு அப்போது வயது எழுபத்தாறு. அவர்கள் ஒருமுறையேனும் அதில் அமர வேண்டும் என்பதே என் கணக்கு.

சென்னையின் சொந்தக் கார்

அம்பாசிடரையும் பியட்டையும் அறியாதவர் இலர். அவற்றோடு மூன்றாவதாக நின்ற ஸ்டாண்டர்டை இன்றைய இளைஞர் பலர் அறியமாட்டார்கள். இத்தனைக்கும் அது நம் மண்ணில் பிறந்தது! 1948-இல் சென்னையில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டாக ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவப்பட்டது. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் அதன் தொழிற்சாலை. முதலில் வேன்கார்டு, பிறகு எய்ட், டென் என்னும் சிறிய கார்கள், 1961-இல் ஹெரால்டு.

ஹெரால்டின் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்தது. உருவம் தந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. அக்காலத்துப் புதிய சிறிய கார்கள் பல, கூடும் அடித்தளமும் ஒன்றாக இணைந்த ஒரே உடலாகச் செய்யப்பட்டு வந்தன. அவ்வாறு முழுக்கூடு செய்து தந்து வந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டமையால், ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் தனிச் சேசிஸ் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கும் பழைய முறைக்கே திரும்ப நேர்ந்தது. அன்று வேறு வழியின்றிச் செய்த அந்த ஏற்பாடு, இன்று பழுதுபார்ப்பவனுக்குப் பெரும் வாய்ப்பு! ஒரு பகுதி இற்றுப்போனால் அதை மட்டும் கழற்றி எடுக்கலாம். முன்புறத்து மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும்; எஞ்சினுக்குப் பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்து வேலை செய்யலாம். இருபத்தைந்து அடி வட்டத்தில் திரும்பிவிடும். எங்கள் ஊரின் குறுகிய தெருக்களில் வாப்பா இதைத் திருப்பியபோது அம்பாசிடர்க்காரர்கள் பொறாமையோடு பார்த்ததுண்டு.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள்தாம். நம் நாட்டுக் குடும்பத்திற்கு அது ஒவ்வுமா? பாட்டி, பேரன், சாப்பாட்டுக் கூடை அத்தனையும் முன்னிருக்கையை மடக்கிப் பின்னால் ஏற வேண்டியிருந்தால் யார் வாங்குவார்? ஆகவே 1968-இல் சென்னையில் நான்கு கதவு ஹெரால்டு செய்தார்கள். உலகில் வேறெங்கும் அது செய்யப்படவில்லை. 1972-இல் அதன் வழித்தோன்றலாகக் கெசல் வந்தது. 1977-இல் அதுவும் நின்றது. 1988-இல் நிறுவனத்தில் உற்பத்தியே நின்றுபோயிற்று.

எது கிடைக்கும், எது கிடைக்காது?

உதிரிப்பாகம் தேடப் புறப்பட்டபோது, 948 சி.சி. எஞ்சினுக்குத்தான் அலைய நேரும் என்று எண்ணியிருந்தேன். நடந்தது நேர்மாறு. இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டுகள் செய்யப்பட்டன. அதே குடும்பத்து எஞ்சின் வளர்ந்து பெருத்து 1980 வரை ஸ்பிட்ஃபயர் என்னும் கார்களில் ஓடியது. முன்சக்கரத்து அமைப்பும் ஏறத்தாழ இரண்டுக்கும் ஒன்றே. 1977 முதல் இயங்கிவரும் ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் போன்ற சங்கங்களும், இவற்றுக்கென்றே வணிகம் செய்வோரும் அங்கு இருக்கிறார்கள். பிஸ்டன் வளையம், கேஸ்கட், பேரிங், கிளட்ச் தட்டு யாவும் புதிதாகவே கிடைக்கின்றன. அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேர்ந்து சில வேளை பொருளின் விலையைத் தாண்டிவிடும் என்பது உண்மை. ஆயினும் கிடைக்கிறது!

கிடைக்காதது எது தெரியுமா? நாம் செய்தது. பின்கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி, கைப்பிடி... இவை பெருங்களத்தூரில் மட்டுமே செய்யப்பட்டவை. பர்மிங்காமில் கேட்டால், "ஹெரால்டுக்குப் பின்கதவா?" என்று வியப்பார்கள். சென்னைப் புதுப்பேட்டையிலும், கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலும் நான் அலைந்த நாட்களுக்குக் கணக்கில்லை. புதுப்பேட்டையில் ஒரு வேகமானியும் இரண்டு சக்கர மூடிகளும் கிடைத்தன. "பின்கதவு கேட்டு யாரும் வருவாங்கன்னு நினைக்கலியே பாய், வெட்டிப் போட்டுட்டோம்" என்றார் ஒரு முதியவர். அவர்மீது குற்றமில்லை.

கிரீஸ் செய்த கேடு

ஹெரால்டோ கெசலோ வைத்திருப்பவர்கள் இப்பகுதியை மட்டுமாவது கருத்தூன்றிப் படிக்கவேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் நெடுந்தண்டின் கீழ்முனை, வெண்கலத்தால் ஆன ட்ரனியன் என்னும் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்தத் திருகில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு இட வேண்டியது கிரீஸ் அன்று. தொண்ணூறாம் எண் கெட்டிக் கியர் ஆயில். நம் பட்டறைகளில் கைக்கு எட்டியது கிரீஸ் துப்பாக்கி. ஆகவே எல்லாரும் கிரீஸே அடித்தார்கள். கிரீஸ் நாளடைவில் காய்ந்து கட்டியாகும். புரைகளில் நீர் தங்கும். உள்ளிருக்கும் எஃகுத் தண்டு வெளியே தெரியாமல் துருவேறி மெலியும். ஒரு நாள் முறிந்தால் சக்கரம் மடிந்து கார் தரையில் அமர்ந்துவிடும். நின்ற இடத்தில் முறிந்தால் போயிற்று; நெடுஞ்சாலையில் முறிந்தால்?

எங்கள் வண்டியின் இடப்பக்கத் தண்டைக் கழற்றிப் பார்த்தேன். திருகு இருந்த இடத்தில் பாதிக்கு மேல் துரு. இப்படியொரு தண்டின் மீதுதான் வாப்பா எங்கள் ஐவரையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்வந்தார்கள் என்று எண்ணியபோது உடல் சிலிர்த்தது. இந்த ஒரு பாகத்தில் மட்டும் பழையதை லேத் பட்டறையில் சரிசெய்து போடலாம் என்று எவர் கூறினாலும் கேளாதீர்கள். தண்டு, வெண்கலத் துண்டு இரண்டையும் புதிதாகவே வாங்குங்கள். ஒரு பக்கத்துத் திருகு இடஞ்சுழி, மறுபக்கத்தது வலஞ்சுழி. மாற்றி வாங்கி ஏமாறவும் வேண்டாம்.

மூடாத கதவுகள்

என் அறியாமையால் நேர்ந்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சேசிசின் பக்கக் கைகள் இற்றிருந்தன. ஹெரால்டுகளில் முதலில் இற்றுப்போவது அவையே. பட்டறை ஒன்றில் உடல் முழுவதையும் தூக்கி வைத்துவிட்டு, எல்லாக் கைகளையும் ஒரே மூச்சில் வெட்டிப் புதியன வெல்டிங் செய்தார்கள். நானும் வேலை விரைவாக நடக்கிறதே என மகிழ்ந்திருந்தேன். உடலை மீண்டும் இறக்கியபோது ஒரு கதவும் மூடவில்லை! மேலே ஒட்டினால் கீழே விரல் நுழையும் இடைவெளி.

செய்ய வேண்டிய முறை வேறு. உடல் சேசிசின் மேலே இருக்கும்போதே, கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து நிலைநிறுத்திக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் வெட்டிப் புதியதை வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். மீண்டும் வெட்டி மீண்டும் ஒட்டியதில் ஏழு மாதங்களும், சொல்லக் கூச்சப்படும் அளவு பணமும் போயின. காக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருச்சியில் இன்னொன்று

இதற்கிடையே எங்கள் இடப் பின்கதவு, சுரண்டச் சுரண்டக் கையோடு வந்துவிட்டது. உம்மா வழக்கமாக ஏறி இறங்கும் கதவு அது. எங்கும் மாற்று கிடைக்காமல் சோர்ந்திருந்த வேளையில், திருச்சிக்கு அருகே ஒரு வீட்டில் இதே நான்கு கதவு ஹெரால்டு நிற்பதாக நண்பர் ஒருவர் கூறினார். ஓடினேன். எஞ்சின் இல்லை, யாரோ எப்போதோ கழற்றி விற்றிருக்கிறார்கள். ஆனால் உடலோ உலர்ந்த ஊரின் புண்ணியத்தால் துருவின்றி இருந்தது. நான்கு கதவுகளும் முழுமை!

வீட்டுக்கார அம்மையார் கணவரை இழந்தவர். "எடைக்குக் கேட்டாங்க, நீங்க கொஞ்சம் கூடத் தந்தா எடுத்துக்குங்க" என்றார். என் பையில் பணம் இருந்தது. வாசகர்களே, அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அதை வாங்கிக் கொண்டுவந்து வேண்டியதைக் கழற்றிக்கொண்டால் என் வேலை ஒரு திங்களில் முடியும். மிச்சம் புதுப்பேட்டைக்குப் போகும். பழங்கார்ப் பிரியர்கள் பலர் இதைத் தயங்காமல் செய்கிறார்கள். ஒன்றைக் காக்க ஒன்றைத் தின்பது இத்துறையின் வழக்கமே. இங்கிலாந்தில் அதற்கு நியாயம் இருக்கலாம், அங்கே எண்ணிக்கை உண்டு. நம்மிடம் நான்கு கதவு ஹெரால்டுகள் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. என்னுடையதைவிட நல்ல உடலை வெட்டி, என்னுடையதை ஒட்டவைப்பது என் மனத்துக்கு ஏற்கவில்லை.

அம்மையாரிடம் உள்ளதைச் சொன்னேன். இந்த வண்டிக்கு எஞ்சின் வாங்க முடியும். இந்த உடலை வாங்க முடியாது. எடைக்குப் போடாதீர்கள், ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். இடப் பின்கதவை மட்டும் எனக்கு மூன்று வாரம் கடனாகத் தாருங்கள். அவர் சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "திருப்பித் தருவீங்களா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் ஊருக்கு அருகில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறையில் முன்பு தகடு அடித்தவர் ஒருவர், அந்தக் கதவைப் பார்த்து அட்டையில் வடிவம் வெட்டி, மர அச்சு செய்து, தகட்டைத் தட்டித் தட்டி வளைத்தார். பதினெட்டாம் நாள் எங்கள் வண்டிக்குப் புதுக் கதவு! கண்ணாடி தட்டையானதுதான்; அளவெடுத்து வெட்டிய பின்னரே கெட்டிப்படுத்த வேண்டும், கெட்டிப்படுத்திய கண்ணாடியை வெட்ட முயன்றால் நொறுங்கிப்போகும். கடன் வாங்கிய கதவை நானே எடுத்துச் சென்று பொருத்திவிட்டு வந்தேன். அவ்வண்டியை இப்போது அம்மையாரின் மருமகன் சீர்செய்து வருகிறார். அட்டை வடிவங்களும் மர அச்சும் என்னிடம் உள்ளன, கேட்பவருக்குத் தருகிறேன்.

பெட்ரோலும் காகிதமும்

இரண்டு செய்திகளைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. நம் நாட்டில் 2000-க்குப் பிறகு அது விற்கப்படுவதில்லை. ஆகவே ஹெட்டைக் கழற்றும்போதே வால்வு இருக்கைகளைக் கடினமான வளையங்களாக மாற்றிவிடுவது நலம். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர்க் குழாய்களும் பம்பின் சவ்வும் விரைவில் கெடும். எத்தனாலைத் தாங்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் டாங்கியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

அடுத்தது காகிதம். வண்டி காலமானவரின் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் இசைவும் பெற்று முதலில் பெயரை மாற்றுங்கள். ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். சேசிஸ் எண்ணைத் துருவென்று எண்ணித் தேய்த்துவிடாமல் காவல் நில்லுங்கள். ஐம்பது ஆண்டு கடந்து, தன் மூல உருவில் இருக்கும் வண்டிகளுக்கு 2021 சூலையில் மத்திய அரசு தனி விதிகள் வகுத்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இருக்கும். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டக்கூடாது. நாங்கள் வழக்கமான பதிவையே நிலுவை கட்டிப் புதுப்பித்துக்கொண்டோம். உம்மா பேரணிக்கா போகப்போகிறார்கள்?

2022-ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. உம்மா புதுக் கதவைத் திறந்து ஏறினார்கள். காக்கா முன்னிருக்கையில். கடற்கரை வரை போய்த் திரும்பினோம். இரண்டரை மைல் தூரம். வழியில் உம்மா பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "அவங்க இவ்வளவு மெல்ல ஓட்டமாட்டாங்க" என்றார்கள்.

வேலை முழுதும் முடிந்துவிடவில்லை. வலப் பின்கதவின் உட்புறக் கைப்பிடி இன்னும் கிட்டவில்லை. பியட் காரின் கைப்பிடியைப் பொருத்தி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய மரப்பெட்டியிலோ நான்கு கதவு ஹெரால்டின் கைப்பிடி ஒன்று கிடந்தால், இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். விலைக்கு வேண்டாம் என்றால், அளவெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன்.