இருபத்தொரு முறை வெளியே

1998 ஜூலையில் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில் நடந்த ஓபன் கோல்ஃப் போட்டியில் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவனுக்கு வயது பதினேழு. பெயர் ஜஸ்டின் ரோஸ். மூன்றாம் இடம் பிடித்தவர் டைகர் உட்ஸ். இருவருக்கும் இடையே ஒரே ஒரு ஷாட்தான் வித்தியாசம்.

கடைசிக் குழியில், கொடியிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கஜம் தள்ளி நீளப் புல்லுக்குள் கிடந்தது பந்து. அவன் அதைத் தூக்கி அடித்தான்; தரையில் விழுந்து உருண்டு, நேராகக் குழிக்குள் போய்விட்டது. பையன் வானத்தைப் பார்த்துச் சிரிக்கும் படம் மறுநாள் பத்திரிகைகளை நிறைத்தது. கோப்பையை வென்றவர் அமெரிக்காவின் மார்க் ஓ'மேரா. ஆனால் அந்த வாரத்தைச் சொன்னால் பிரிட்டனில் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ரோஸ்தான்.

அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தில் ஒரு பவுண்டுகூட அவன் கைக்கு வரவில்லை. சிறந்த அமெச்சூருக்கான வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மறுநாளே தொழில்முறை ஆட்டக்காரனாகிவிட்டான். அடுத்த போட்டி நெதர்லாந்தில். அங்கே இரண்டே நாளில் வெளியேறினான்.

தொழில்முறை கோல்ஃபின் கணக்கு வழக்கைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும். இங்கே மாதச் சம்பளம் கிடையாது. நம் ரஞ்சி கிரிக்கெட்டருக்கு ஆடிய நாளுக்காவது கூலி உண்டு. கோல்ஃபில் வியாழனும் வெள்ளியும் 36 குழிகள் ஆடி முடித்ததும் ஒரு கோடு கிழிப்பார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்குக் கீழே போவார்கள். இதற்குக் 'கட்' என்று பெயர். கோட்டுக்குக் கீழே இருப்பவர் சனிக்கிழமை காலை விமான நிலையத்தில் நிற்பார். டிக்கெட், ஹோட்டல், பை சுமக்கும் கேடிக்கான கூலி, எல்லாம் அவர் கைக்காசு.

ரோஸ் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் போனது ஒரு முறை இரண்டு முறை இல்லை. தொடர்ந்து இருபத்தொரு முறை. 1998-இல் தொடங்கியது 1999 வரை நீண்டது.

பர்க்டேல் புகழ்தான் இதில் அவனுக்கு எதிரியாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பதாவது இடத்தில் முடித்திருந்தால் சின்னச் சின்னப் போட்டிகளில் யாருக்கும் தெரியாமல் தோற்று, தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பான். நான்காவதாக வந்ததால் பெரிய போட்டிகளின் அழைப்புகள் தேடி வந்தன. கேமராக்களும் கூடவே வந்தன. அமெச்சூராக ஆடும்போது கொடியைப் பார்த்து அடிக்கலாம். கட் கோடு மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் முதல் குழியிலிருந்தே கூட்டல் கழித்தல்தான். தோற்காமல் இருப்பதற்காக ஆடத் தொடங்கியவனால் எதையும் தைரியமாக அடிக்க முடியாது.

டைகர் உட்ஸுக்கு இந்தப் பாடமே நடத்தப்படவில்லை. அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை 1994 முதல் 1996 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். தொழில்முறைக்கு வந்த ஐந்தாவது போட்டியிலேயே கோப்பை. அவரை அளவுகோலாக வைத்து எல்லா இளைஞர்களையும் அளந்ததுதான் அந்தக் காலத்தின் கோளாறு.

ரோஸ் தகுதிப் பள்ளிக்குப் போனார். பெயர்தான் பள்ளி. அடுத்த ஆண்டு ஆடும் உரிமைக்காக நூற்றுக்கணக்கானவர்கள் மோதிக்கொள்ளும் கொடூரமான போட்டி அது. உரிமை கிடைத்தது, கைநழுவியது, மறுபடி கிடைத்தது. 2001-இன் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் இரண்டாம் இடம். 2002-இல் ஜோகன்னஸ்பர்க்கில், ஐரோப்பிய டூர் என்னும் தொழில்முறைத் தொடரில் முதல் வெற்றி. அவர் பிறந்த ஊர் அது. ஐந்து வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். அந்த ஆண்டில் மட்டும் நான்கு கோப்பைகள்.

அதே 2002 செப்டம்பரில் அப்பா கென் ரோஸ் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். வயது 57. மகனுக்குக் கோல்ஃப் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

அடுத்த பத்தாண்டுகள் மேடும் பள்ளமும். 2004-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் இரண்டு நாளும் முன்னிலை, மூன்றாம் நாள் 81 அடித்துச் சரிவு. 2007-இல் ஐரோப்பிய டூரின் ஆண்டுப் பட்டியலில் முதல் இடம். அமெரிக்க டூரில் முதல் வெற்றி 2010-இல்தான்.

2013 ஜூன் 16, பிலடெல்ஃபியா அருகே மெரியன். அமெரிக்க ஓபனின் கடைசி நாள். அன்று தந்தையர் தினம். பதினெட்டாவது குழி 500 கஜத்துக்கும் மேல். முதல் ஷாட்டில் பந்து போய் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தகடு பதித்திருக்கிறார்கள்: 1950-இல் இதே போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் தன் புகழ்பெற்ற 1-அயர்ன் ஷாட்டை அடித்த இடம். ரோஸ் 4-அயர்ன் மட்டையை எடுத்தார். பந்து குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' புல்தளத்தின் பின்விளிம்பைத் தொட்டு நின்றது. அங்கிருந்து உருட்டி, குழிக்கு நிர்ணயித்த அடிக்கணக்கான 'பார்' எண்ணிக்கையில் முடித்துவிட்டு விரலை வானத்தை நோக்கி உயர்த்தினார். 1970-இல் டோனி ஜாக்லின் வென்ற பிறகு இந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆங்கிலேயர் அவர்.

இரண்டு ஷாட் பின்னால் ஜேசன் டேயோடு இரண்டாம் இடத்தில் நின்றவர் ஃபில் மிக்கெல்சன். அவருக்கு அன்று 43-ஆவது பிறந்தநாள் வேறு. இவரும் அமெச்சூர் அதிசயம்தான்: 1991-இல் கல்லூரி மாணவராக இருக்கும்போதே டூசான் நகரில் அமெரிக்க டூரான பி.ஜி.ஏ. டூரின் கோப்பை ஒன்றை வென்று, பரிசுப் பணம் வாங்க முடியாமல் வீடு திரும்பியவர். மிக்கெல்சன் எல்லாப் பெரிய பட்டங்களையும் வென்றார், அமெரிக்க ஓபனைத் தவிர. அதில் மட்டும் ஆறு முறை இரண்டாம் இடம்.

ஒலிம்பிக்கில் 112 ஆண்டுகளுக்குப் பிறகு கோல்ஃப் திரும்பிய 2016 ரியோவில் பல முன்னணி ஆட்டக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ரோஸ் போனார். முதல் நாளே ஒரே அடியில் ஒரு குழியை முடித்தார். கடைசி நாளில் ஹென்ரிக் ஸ்டென்சனை முந்தித் தங்கம் வாங்கினார். 2018 செப்டம்பரில் உலகின் நம்பர் ஒன். அதே மாதம் அமெரிக்க டூரின் ஆண்டுப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையும் 1 கோடி டாலரும்.

ஆனால் அவர் சிறுவனாக ஆடிய ஓபனின் கோப்பை அதுவரை கைக்கு வரவில்லை. 2024-இல் அதில் ஆட நேரடி இடம்கூட இல்லை. முன்னாள் நம்பர் ஒன், 43 வயது, பர்ன்ஹம் அண்ட் பெர்ரோ மைதானத்தில் ஒரே நாளில் 36 குழிகள் நடந்து தகுதிப் போட்டி ஆடினார். பெரிய மனிதர்கள் பலர் இதைக் கௌரவக் குறைச்சல் என்று தட்டிக் கழித்திருப்பார்கள். அவர் அங்கிருந்து, அந்த ஆண்டு ஓபன் நடந்த ட்ரூனுக்குப் போய் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

2025 ஏப்ரலில் மாஸ்டர்ஸின் கடைசி நாளில் 66 அடித்து, டை-பிரேக்கரில் ரோரி மெக்கில்ராயிடம் தோற்றார். ஆகஸ்டில் மெம்ஃபிஸில் மறுபடியும் டை-பிரேக்கர். எதிரில் அந்த ஆண்டின் அமெரிக்க ஓபன் சாம்பியன் ஜே.ஜே. ஸ்பான். இந்த முறை ரோஸ் ஜெயித்தார், 45 வயதில்.