வணிகத் திட்டங்களுக்கான மென்பொருட் கருவிகள்: தமிழ்த் தரவு கொண்டு சோதித்தலும் தேர்தலும்

1. முன்னுரை

ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் பதிவேடு, சரக்கு இருப்பு, விலைப்பட்டியல், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைக் கணிப்பொறிவழி நடத்த முற்படும்போது, சந்தையில் உள்ள பல மென்பொருட் கருவிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. விற்பனையாளரின் செயல்விளக்கமும் விலையும் இத்தேர்வுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவதுண்டு. தரவு தமிழில் அமையுமாயின் இவை போதா. 'தமிழில் இயங்கும்' என்னும் கூற்று, தமிழ் எழுத்துகள் திரையில் தோன்றும் என்பதை மட்டுமே குறிக்கலாம். அவ்வெழுத்துகள் குறைவின்றிச் சேமிக்கப்படுகின்றனவா, தேடினால் கிடைக்கின்றனவா, அகரவரிசையில் அமைகின்றனவா, பிறிதொரு கருவிக்கு மாற்றத்தக்கனவா என்பவை தனித்தனியே சோதித்தறிய வேண்டியவை. இச்சோதனைகளுக்கு உரிய தமிழ்த் தரவு எத்தன்மையதாக இருத்தல் வேண்டும் என்பதையும், அதன் முடிவுகளைக் கொண்டு கருவியைத் தேரும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. தரக்கூறுகளும் தேவைகளும்

மென்பொருளின் தரத்தை மதிப்பிடுவதற்கென 1991இல் வெளியான ஐஎஸ்ஓ/ஐஇசி 9126 என்னும் பன்னாட்டுத் தரநிலை, செயற்பாடு, நம்பகம், பயன்பாட்டெளிமை, செயல்திறன், பராமரிப்பெளிமை, பெயர்ப்பெளிமை என்னும் ஆறு கூறுகளை வகுத்தது. 2011இல் அதன் இடத்தைப் பெற்ற ஐஎஸ்ஓ/ஐஇசி 25010, ஒத்தியங்கும் தன்மை, பாதுகாப்பு ஆகியவற்றையும் தனிக்கூறுகளாக்கி எட்டாக விரித்தது. ஐரோப்பாவில் 1990களில் இயங்கிய ஈகிள்ஸ் என்னும் வல்லுநர் குழு, 9126இன் கூறுகளை மொழிக்கருவிகளை மதிப்பிடப் பயன்படுத்தியது.

இம்முயற்சிகளின் அடிப்படைக் கருத்து ஒன்றே. தரம் என்பது கருவியிடம் மட்டும் உள்ள பண்பன்று. பயன்படுத்துவோரின் தேவையோடு பொருத்தி அறியப்படுவது. தேவைகளுள் சில வெளிப்படையாகக் கூறப்படுவன. சில கூறப்படாமல் உள்ளுறையாக நிற்பன. 'பட்டியல் அகரவரிசையில் வரவேண்டும்' என்பதைத் தமிழறிந்த எவரும் எழுதிக் கேட்பதில்லை. அது இயல்பாகவே அமையும் என எண்ணுகின்றனர். மொழி சார்ந்த தேவைகளுள் பெரும்பாலானவை இவ்வகையின. எனவே அவற்றை எழுத்தில் வடிப்பதே சோதனையின் முதற்படியாகும்.

3. பெயர்த் தரவு: சேமிப்பும் தேடலும்

வணிகப் பதிவேட்டில் மிகுதியாக இடம்பெறுபவை ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் ஆகும். யூனிகோடு என்னும் ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்துகள் தனித்தனிக் குறியிடங்களைப் பெறுவதில்லை. அகரமேறிய மெய்யோடு உயிர்க்குறியோ புள்ளியோ சேர்ந்து எழுத்து அமைகிறது. யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியிடமும் 3 பைட்டுகளை ஏற்கிறது.

'திருநாவுக்கரசு' என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். இதில் எழுத்துகள் 8, குறியிடங்கள் 14, பைட்டுகள் 42. இதே பெயரை உரோமன் எழுத்தில் எழுதினால் 16 பைட்டுகளே ஆகும். பெயருக்கு 30 பைட்டுகள் மட்டும் ஒதுக்கிய கருவி, உரோமன் எழுத்துப் பெயர்களைக் கொண்டு செய்யும் செயல்விளக்கத்தில் குறையின்றி இயங்கும். தமிழ்ப் பெயரை உள்ளிட்டால் 'திருநாவுக்' என்பதோடு நின்றுவிடும். எனவே சோதனைத் தரவில் நீண்ட பெயர்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

அடுத்தது தேடல். ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகளை ஒரே குறியிடமாகவும் எழுதலாம். இரு பகுதிகளாகப் பிரித்தும் எழுதலாம். ஒருங்குறி விதிப்படி இவ்விரு வடிவங்களும் சமமானவை. ஆயினும் சமப்படுத்தும் செயலை மேற்கொள்ளாத கருவி இவற்றை வெவ்வேறு சொற்களாகக் கொள்ளும். 'ஸ்ரீ' என்பதும் இருவகையாக எழுதப்படுகிறது. 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட 'ஶ' என்னும் எழுத்தைக் கொண்டு எழுதுவது ஒன்று. 'ஸ' கொண்டு எழுதுவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றம் தருவன.

இவற்றினும் சிக்கலானது 'கௌசல்யா' போன்ற பெயர். ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரத்தை ஒத்திருப்பதால், தட்டச்சு செய்வோர் சிலர் 'கெ' என்பதோடு 'ள'வைச் சேர்த்து 'கெளசல்யா' என உள்ளிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கணிப்பொறிக்கு வேறு. ஒருங்குறி விதிப்படியும் இவை சமமானவை அல்ல. விளைவாக, ஒரே வாடிக்கையாளர் இரு கணக்குகளில் பதிவாகலாம். அல்லது உள்ள கணக்கே இல்லையென அவருக்கு விடை கிடைக்கலாம். 'கெள' வரும் இடமெல்லாம் 'கௌ' என மாற்றிவிடுவதும் தீர்வாகாது. அவ்வாறு மாற்றினால் 'கெளுத்தி' என்னும் மீன்பெயர் சிதைந்துவிடும். சூழல் அறிந்து எச்சரிக்கும் கருவியே இங்குப் பொருந்துவது.

4. அகரவரிசைச் சோதனை

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த இஸ்கி குறியேற்றத்தின் வரிசையைத் தழுவியது. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் நிற்கின்றன. புள்ளியோ உயிர்க்குறிகளுக்குப் பின் இடம்பெறுகிறது. தமிழ் நெடுங்கணக்கு முறைப்படி வ, ழ, ள, ற, ன என்பதே இறுதி மெய்களின் வரிசை. அகராதியில் புள்ளி பெற்ற மெய் அகரமேறிய மெய்க்கு முன்னர் வரும்.

ஆறு சொற்களைக் கொண்டே இவ்வேறுபாட்டைச் சோதிக்கலாம். 'அக்கா, அகம், அவல், அழகு, அறம், அனல்' என்பது தமிழ் அகரவரிசை. குறியிட எண்ணை மட்டும் கொண்டு அடுக்கும் கருவி இவற்றை 'அகம், அக்கா, அனல், அறம், அழகு, அவல்' எனத் தரும். இறுதி நான்கு சொற்களும் முற்றிலும் தலைகீழாவதைக் காணலாம். பல்லாயிரம் பெயர்கள் கொண்ட அச்சுப்பட்டியலில் இப்பிழை நேரின், உரிய பெயரை உரிய இடத்தில் காண இயலாது.

5. சொற்பிழை திருத்தியை மதிப்பிடல்

தமிழ் ஒட்டுநிலை மொழியாதலின், 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' போன்ற வடிவங்கள் அனைத்தையும் சொற்பட்டியலில் அடக்க இயலாது. உருபனியல் பகுப்பாய்வு இல்லாத திருத்தி இத்தகைய சரியான சொற்களையும் பிழையெனக் காட்டும். மறுபுறம் 'மனை' என்பதற்கு 'மணை' என்றும், 'அறை' என்பதற்கு 'அரை' என்றும் எழுதப்பட்டால், அவையும் தமிழ்ச் சொற்களே ஆதலின் பிழை பிடிபடாது. ஆகவே இருவகைத் தவறுகளையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

50 பிழைகள் கொண்ட உரையொன்றை இரு திருத்திகளிடம் தருவதாகக் கொள்வோம். முதலாவது 80 சொற்களைச் சுட்டுகிறது; அவற்றுள் 40 உண்மைப் பிழைகள். அதன் பிழைகாண் அளவு 80 விழுக்காடு. சுட்டியவற்றின் சரிமை 50 விழுக்காடு. இரண்டாவது 32 சொற்களைச் சுட்டுகிறது. அவற்றுள் 30 உண்மைப் பிழைகள். அதன் பிழைகாண் அளவு 60 விழுக்காடு. சரிமை ஏறத்தாழ 94 விழுக்காடு. இவற்றுள் எது சிறந்தது என்பதற்குப் பொதுவிடை இல்லை. ஒரு பிழையும் தப்பக்கூடாத மனை விற்பனை ஆவணத்திற்கு, மெய்ப்புத் திருத்துவோர் ஒருவர் உடனிருப்பின், முதலாவது ஏற்றது. நாள்தோறும் விரைந்து எழுதப்படும் கடிதங்களுக்கு, வீண் எச்சரிக்கை குறைந்த இரண்டாவது ஏற்றது.

6. தேர்வு முறை

சோதனைக்கு முன்னரே தேவைகளை இரண்டாகப் பகுத்தல் நன்று. பெயர் துண்டிக்கப்படாமை, சமவடிவங்களைத் தேடிக் காணல், சரியான அகரவரிசை, தரவை வெளிக்கொணரும் வசதி ஆகியவை கட்டாயத் தேவைகள். இவற்றுக்கு மதிப்பெண் இல்லை. நிறைவேறின அல்லது நிறைவேறவில்லை என்பதே முடிவு. திரை அமைப்பு, விரைவு, அறிக்கை வகைகள் முதலான விருப்பத் தேவைகளுக்கு மட்டும் மதிப்பெண் வழங்கலாம். அனைத்தையும் ஒன்றாகக் கூட்டினால், அழகிய அறிக்கைகளுக்குப் பெற்ற மதிப்பெண் அகரவரிசைக் குறையை மறைத்துவிடும்.

தரவை வெளிக்கொணரும் வசதி தனிக் கவனத்திற்குரியது. 1990களில் எழுத்துரு தயாரிப்பாளர் பலர் தத்தமக்கென வெவ்வேறு குறியேற்றங்களைக் கொண்டிருந்தனர். ஒன்றில் உள்ளிட்ட கோப்பை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. இந்நிலையை மாற்ற, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் அமைந்த தரவுகள், மாற்றி இல்லாவிடின், உரியவர்க்கே பயன்படாமற் போகும். எனவே தரவை ஒருங்குறியில் வெளிக்கொணர்ந்து, வேறொரு கருவியில் உள்ளிட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஒப்பந்தம் செய்தல் வேண்டும்.

அன்றாடம் பணியாற்றுவோரே சோதனையைச் செய்தலும், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே தரவைத் தருதலும், முடிவுகளை எழுத்தில் பதிதலும் இன்றியமையாதன. உண்மைப் பதிவேட்டை விற்பனையாளரிடம் தராமல், அதன் சிக்கல்களை ஒத்த மாதிரிப் பெயர்களைக் கொண்டு தரவு அமைப்பது வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காக்கும்.

7. முடிவுரை

இங்குக் காட்டிய சோதனைகளுக்குப் பெரும்பொருட்செலவு தேவையில்லை. தமிழ் எழுத்தமைப்பையும் சொல்லமைப்பையும் அறிந்த ஒருவர் தொகுக்கும் சில நூறு சொற்களே போதும். அத்தொகுப்பு ஒருமுறை பயன்படுத்திக் கைவிடத்தக்கதன்று. கருவியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மீண்டும் செலுத்திப் பார்க்க உதவுவது. கருவிகள் மாறும், தரவு நிலைத்திருக்க வேண்டும். ஒருவர் தம் பெயரைத் தமிழில் முழுமையாக எழுதித் தந்தால் அது முழுமையாகவே பதிவாகி, தேடும்போது கிடைத்தல் வேண்டும் என்பதே மென்பொருள் தேர்வின் முதல் நிபந்தனையாகக் கொள்ளத்தக்கது.