தபால் கார்டும் ஊற்றுப்பேனாவும்

இந்தியாவில் தபால் கார்டு முதன்முதல் விற்பனைக்கு வந்தது 1879-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி. அதன் விலை காலணா. உறையிட்ட கடிதத்துக்கோ அரையணா. ஆஸ்திரியா தேசம் 1869-ல் தொடங்கிய இவ்வழக்கம், பத்தே ஆண்டுகளில் நமது ஏழைகளுக்கும் எட்டிற்று. திண்டுக்கல் மலைக்கோட்டையடியில் புகையிலை விற்கும் வர்த்தகரும், சமவெளியில் ஏர் பிடிக்கும் குடியானவரும் ஒரே விலைக்கு வாங்கிய சாதனம் அது. காந்தியடிகளும் கார்டுகளில் ஏராளமாய் எழுதினார்.

இக்காலத்தில் பழைய பாணியில் கார்டு செய்து, ஊற்றுப்பேனாவால் எழுதும் வழக்கம் சிலரிடம் மீண்டும் தலைதூக்குகிறது. இது வெறும் ஆடம்பரம் என்று சொல்வாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆயினும் கார்டு பேனாவுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும்.

காகிதம் என்பது நாரின் பின்னல். பசை போதாத அட்டையில் அந்நார்களின் வழியே மை ஊறிப் பரவும். தமிழெழுத்துக்கு இதனால் விளையும் கேடு பெரிது: ‘ண’கரத்தின் சுழிகள் அடைபட்டு ‘ன’கரமாகும், புள்ளி கரைந்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகும். இதற்குப் பரிகாரம் நமது முன்னோர் அறிந்ததே. கைக்காகிதம் செய்தவர்கள் கஞ்சி பூசி உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். சின்னாளப்பட்டி நெசவாளருக்கு இதைப் போதிக்க வேண்டுவதில்லை. பாவுக்குக் கஞ்சி போடுவதன் பயனை அவர்களினும் நன்கறிந்தவர் யார்?

அடுத்தது மை. சாயத்தை நீரில் கரைத்த சாதாரண மை ஐப்பசி மழையில் நனைந்தால் கரைந்தோடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை காகிதத்தில் பற்றிக் கறுத்து நீருக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் வீட்டில் காய்ச்சிய அம்மையை ஊற்றுப்பேனாவில் நிரப்பலாகாது. வண்டல் அடைக்கும், புளிப்பு எஃகு முள்ளை அரிக்கும். அது தொட்டெழுதும் பேனாவுக்கே தகும். ஊற்றுப்பேனாவுக்கென்று பக்குவப்படுத்திய மையையே வாங்குக, முள்ளும் மெல்லியதாயிருக்கட்டும்.

இதில் சுதேசி உழைப்புக்கும் இடமுண்டு. ராஜமகேந்திரபுரம் ரத்தினம் என்பார் காந்தியடிகளின் தூண்டுதலால் ஊற்றுப்பேனா செய்யலானார். குமரப்பா மூலம் வந்த அப்பேனாவை உபயோகித்த காந்தியடிகள், கடைவீதியில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என 1935-ல் ரத்தினத்துக்கு எழுதினார். அந்தக் குமரப்பாவே கைக்காகிதத் தொழிலுக்கும் ஆதரவாய் நின்றவர். தமது இறுதிக்காலத்தை மதுரை ஜில்லா கல்லுப்பட்டியில் கழித்தவர்.

சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் நிறுவிய காந்திகிராமம் திண்டுக்கல்லுக்கு அருகிலேயே இருக்கிறது. கதர்த்துணிக் கழிவும் நூலாலைப் பஞ்சுக் கழிவும் இவ்வட்டாரத்தில் கிடைக்கின்றன. பருத்திக் கந்தையினும் உயர்ந்த கச்சாப்பொருள் காகிதத்துக்கு வேறேது? கூட்டுறவாய்ச் சிலர் முனைந்தால், பேனாவுக்கேற்ற கார்டு இங்கேயே உருவாகும். நெசவு குறைந்த நாட்களில் சில கைகளுக்கு வேலையும் கிடைக்கும்.

தந்தி 2013-ம் வருஷம் ஜூலையில் நின்றது. நிற்பதற்கு முன் வருந்தாதவர்களெல்லாம் நின்றபின் வருந்தினர். கார்டின் ஆயுள் சர்க்காரின் தயவில் மட்டுமில்லை. எழுதுவோரின் கையிலும் இருக்கிறது. அதிகாரிக்கு விண்ணப்பமாயினும், தூரத்து நண்பருக்கு நலவிசாரணையாயினும், பெயரிட்டு ஒப்பமிட்டுத் திறந்த கார்டில் எழுதுபவன் தன் சொல்லுக்குத் தானே பிணை நிற்கிறான். நேயர்கள் இவ்வாரம் ஒரு கார்டேனும் எழுதுவார்களாக.