பருவுக்கும் பன்னுக்கும் என்ன தொடர்பு?

கள்ளிக்குப்பம் டீக்கடையில் சாயங்காலம் நின்று பாருங்கள். ட்யூஷனுக்குப் போகும் பிள்ளைகளின் கையில் க்ரீம் பன், சர்க்கரை தூக்கலாக டீ. சிலருக்கு நெற்றி நிறையப் பரு.

மைதாவும் சர்க்கரையும் ரத்தத்தில் குளுக்கோஸைச் சட்டென ஏற்ற, இன்சுலின் எகிறுகிறது. அது ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் ஆண்ட்ரோஜனையும் உசுப்பிவிட, எண்ணெய்ச் சுரப்பி கூடுதலாகச் சுரக்கிறது; மயிர்க்கால் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகிச் சீழ் கட்டுகிறது. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் கிழங்கும் மீனும் தேங்காயும் உண்டு வாழ்ந்த 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்கும் பரு இல்லை என்றது 2002-இல் வெளியான ஆய்வு. மரபுக்கும் பங்குண்டு, பன்னை மட்டும் பழிக்க முடியாது.

பெண்பிள்ளைக்குப் பருவோடு மாதவிடாயும் தள்ளிப்போகிறதா, பிடரி கருக்கிறதா? அழுக்கென்று தேய்க்காதீர்கள். இன்சுலின் எதிர்ப்பாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.