உடைந்த போல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

"அண்ணா, போல்ட் கட் ஆயிடுச்சு."

பாலக்கோடு சாலையில் ஒரு பட்டறை. எங்கள் சித்தப்பாவின் பழைய டீசல் ஜீப். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. மூடிக்கு இரண்டே போல்ட். முதலாவது முனகிக்கொண்டே வந்தது. இரண்டாவதில் தலை மட்டும் ஸ்பேனரோடு வந்துவிட, உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது. அரை மணி நேர வேலை மூன்று நாள் ஆனது. லேத்துக்கு அனுப்பியது, டிரில் போட்டது, புது மரை வெட்டியது என்று சீட்டு நீண்டது.

"ஒடைச்சது நீ. காசு மட்டும் நானா?" என்றார் சித்தப்பா.

"துருப் புடிச்ச வண்டியக் கொண்டாந்து உட்டுட்டு எம் மேல பழி போட்டா எப்படிண்ணா?" என்றார் மெக்கானிக்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி நியாயம் இருந்தது. சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வருவது, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பொருளை நம்பி ஒப்படைப்பது. ஒரு சாதாரண விவேகி தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, வாங்கி வைத்தவரும் அதை அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. அந்த அளவு கவனம் காட்டியும் சேதம் வந்தால், தனியாக வேறு பேச்சு இல்லாதவரை அவர் பொறுப்பில்லை என்கிறது அடுத்த பிரிவு. ஆக, போல்ட் உடைந்ததா என்பது கேள்வியே இல்லை. உடைவதற்கு முன் என்ன கவனம் காட்டப்பட்டது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க வேண்டுமானால், இறுகிப்போன போல்ட்டை முறையாக எப்படிக் கழற்றுவார்கள் என்று வண்டிக்காரருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஏன் இறுகுகிறது என்று பார்த்துவிடலாம். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருத்துவிடும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருப்பது ஒரு மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு பருத்தால் ஆப்பு அடித்த மாதிரிதான். தர்மபுரி மாவட்டத்தில் இதற்கு இன்னொரு கூட்டாளி உண்டு, நம் போர்த் தண்ணீர். இங்கே தண்ணீர் என்றதும் புளோரைடும் கறை படிந்த பற்களும்தான் பேச்சு. 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ரேடியேட்டருக்குப் பகை புளோரைடு அல்ல. தண்ணீரின் கடினத்தன்மையும் உப்பும். வயலோர மோட்டாரில் ஒரு குடம் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவது நம் ஊரில் அன்றாடக் காட்சி. அந்தத் தண்ணீர் உள்ளே பாறை போலப் படிகிறது, போல்ட்டின் அடிவரை கசிந்து துருவேற்றுகிறது. கூலன்ட் வெறும் வண்ணத் தண்ணீர் அல்ல. அதில் துருத் தடுப்பு மருந்து இருக்கிறது. சித்தப்பா ஜீப்பின் போல்ட்டைப் பட்டறைப் பையனா உடைத்தான்? பத்து வருடத் தண்ணீர் முக்கால்வாசி வேலையை முடித்து வைத்திருந்தது.

இரு சக்கர வண்டியில் கதை கொஞ்சம் வேறு. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தபோது அது தயாரான ஓசூர் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004-இல். அந்த மாதிரிப் பழைய மொபெட்டுகள் இன்னும் கிராமத்தில் ஓடுகின்றன. அவற்றில் என்ஜின் உடல் அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டு உலோகம் ஒட்டி இருந்து நடுவே ஈரமும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிப் பிடித்துக்கொள்ளும்.

நிதானமான மெக்கானிக் எடுத்ததும் ஸ்பேனரைத் தொட மாட்டார். எந்தப் பக்கம் மரை என்று பார்ப்பார். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. வழக்கம்போலக் கழற்றப் போனால் இன்னும் இறுகும். எத்தனையோ ஸ்டட் இப்படித்தான் அநியாயமாகச் செத்திருக்கிறது. பிறகு கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைப்பார். டபிள்யூ.டி.-40 என்ற நீலப் புட்டி இப்போது ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. அது 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. லேசான துருவுக்குப் போதும், பழைய துருவுக்கு அதற்கென்றே விற்கும் எண்ணெய் மேல். எதுவானாலும் ஐந்து நிமிடத்தில் இறங்காது. மாலையில் விட்டு, தலையில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். தட்டுவது கோபத்தில் இல்லை. அதிர்வில் துருவில் விரிசல் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

மறுநாள் ஆறு பக்கமும் பிடிக்கிற பாக்ஸ் ஸ்பேனர், அல்லது ரிங் ஸ்பேனர். ஸ்க்ரூ ஸ்பேனரை எடுத்தாலே எழுந்து நின்று கேளுங்கள். தலையை மழுங்கடிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல் ஒரு துளி இறுக்கிப் பார்ப்பார்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் பிடி விட்டது என்று அர்த்தம். அப்புறம் கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, நடுநடுவே எண்ணெய். போர்க் கம்பியை உருவுகிற பொறுமை வேண்டும்.

அப்படியும் வராவிட்டால் சூடு. போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள உடலைக் காய்ச்ச வேண்டும். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். ஆனால் இரும்பு மாதிரிச் சிவந்து எச்சரிக்காது அலுமினியம். 660 டிகிரியில் சத்தமில்லாமல் உருகி ஒழுகிவிடும். தலை உடைந்துபோன போல்ட்டுக்கு, எஞ்சிய முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பண்ணி அதைத் திருப்பும் வித்தை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சூடும் கிடைக்கிறது, பிடியும் கிடைக்கிறது. லேத்துக்குப் போவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்பேனரில் பைப் மாட்டி நீட்டுவது மட்டும் வேண்டாம். ஒரு முழ ஸ்பேனர் மூன்று முழமானால் விசையும் மூன்று மடங்கு. போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருப்பது அதன் வலிமைக்குக் கணக்கு. துருவில் பாதி கரைந்த போல்ட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. உடைகிற நொடியில் முழு எடையோடு தள்ளிக்கொண்டிருப்பவர் முகம் குப்புற விழுவார். விரல் முட்டி பம்பர் விளிம்பில் கிழிவது இப்படித்தான்.

அடுத்த ஆபத்து கண். பல வருடம் அடிபட்ட உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருக்கும். அதன் விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு குண்டு மாதிரி பாயும். சாதாரணக் கண்ணாடி போதாது, மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். சில்லு கண்ணில் தைத்துவிட்டால் தேய்க்கக் கூடாது, பிடுங்கக் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. ஒரு காகித டம்ளரைக் கண் மேல் அழுத்தாமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். தீயைப் பற்றி ஒரே வரி: பெட்ரோலும் மண்ணெண்ணெயும் விட்டு ஊறவைத்த இடத்தில் கேஸ் பற்றவைக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

காளான் உளியைப் பிடித்திருப்பது பதின்மூன்று வயதுப் பையன் என்றால் பேச்சே வேறு. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பட்டறையில் வேலைக்கு வைக்கக் கூடாது. வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம். வயது வந்த மெக்கானிக்குகளுக்கோ, வேலையில் அடிபட்டால் முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் உரிமை 1923-லேயே சட்டமாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஓட்டுநர்களுக்கும் வாகனம் பழுதுபார்ப்போருக்கும் சேர்த்து ஒரு நல வாரியமும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த எத்தனையோ மெக்கானிக்குகள் அதில் பெயரே பதியவில்லை.

இனி உங்கள் பக்கம். சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு வாக்கியம் பேசுங்கள்: "போல்ட் இறுகியிருந்தா உடைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்கண்ணா." சீட்டிலும் அதை எழுதி வாங்குங்கள், கூடவே உத்தேசச் செலவையும். வண்டியின் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது.

உடைந்துபோனால் அந்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முழுக்கப் பளபளப்பான சாம்பல் நிறம் என்றால் அது அன்றைக்குத்தான் உடைந்தது. ஒரு ஓரம் பிறை மாதிரி பழுப்பேறிக் கிடந்தால் அங்கே வெகுநாளாகவே கீறல் இருந்திருக்கிறது, துரு உள்ளே போயிருக்கிறது. அப்போது மெக்கானிக் மேல் பழி போடுவது கடினம். சித்தப்பா ஜீப்பின் துண்டில் பிறை பாதிக்கு மேல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் குரல் தானாக இறங்கிவிட்டது. லேத் கூலி அவருடையது, மூன்று நாள் கூலி மெக்கானிக்குடையது என்று பேசி முடித்தார்கள்.

பேசி முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேலத்திலோ ஓசூரிலோ வேலை பார்த்திருந்தாலும் நீங்கள் குடியிருப்பது அரூர் என்றால் தர்மபுரியிலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேவையில் குறை இருந்தது என்று காட்டும் பொறுப்பு புகார் சொல்பவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. சீட்டும் படமும் உடைந்த துண்டும் அப்போதுதான் பேசும். எண்ணெய் எத்தனை மணி நேரம் ஊறியது, எந்த ஸ்பேனர், சூடு கொடுத்தார்களா என்ற கேள்விகளும் அங்கேதான் உதவும். ஒரு நுணுக்கம்: வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஒற்றை லோடு ஆட்டோக்காரர் நுகர்வோர்தான். பத்து லாரி வைத்திருப்பவர் கதை வேறு.

மெக்கானிக்குக்கும் ஒரு உரிமை உண்டு. பார்த்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு. அதற்கு அந்தச் சட்டமே தரும் உதாரணம் பட்டை தீட்டக் கொடுத்த வைரம்! ஆனால் இந்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். போன வருட பாக்கிக்காக இன்றைய வண்டியை நிறுத்தி வைக்க இந்தப் பிரிவு இடம் தராது.

கடைசியாக ஒன்று. மரை முழுக்கப் போய்விட்டது, வேறு என்ஜின் போட்டுக்கலாம் என்று பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றைக் காட்டுவார்கள். மலிவாகவும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பில்லும் பழைய வண்டியின் காகிதமும் கேளுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்து ஆர்.சி.யில் என்ஜின் எண்ணை மாற்றுங்கள். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது அதிகாரி முதலில் குனிந்து பார்ப்பது அந்த எண்ணைத்தான். அதற்கு முன் லேத்காரரிடம் ஒரு கேள்வி: பெரிதாகத் துளையிட்டுக் கம்பிச் சுருள் மரை செருகினால் பழைய அளவு போல்ட்டே உட்காருமா? பெரும்பாலும் உட்காரும். சித்தப்பாவின் ஜீப்பில் உட்கார்ந்தது. இந்த முறை மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவித்தான் போட்டார்கள். ரேடியேட்டருக்குக் கூலன்ட் வாங்கிக் கொடுத்தது நான். போர்த் தண்ணீர்க் குடத்தைச் சித்தி அன்றே வண்டிக் கொட்டகையிலிருந்து எடுத்து மாட்டுக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார்.