உங்களுக்குத் தெரியுமா? குற்றத்துக்கு முன் குடும்பம்
மூணாறு தேயிலைத் தோட்ட லயத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒரு சிறுவன் திருட்டு வழக்கில் சிக்கினால், அவனுடைய வீட்டு நிலையும் விசாரிக்கப்படும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவன் முதலில் நிறுத்தப்பட்ட 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். அப்பா அம்மாவுக்குள் உறவு எப்படி, பள்ளியை ஏன் விட்டான் என்பதெல்லாம் அதில் வரும். அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பினாலும் பெற்றோருக்கும் ஆலோசனை உண்டு (பிரிவு 18). சட்டம் சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறது.

ஆனால் இப்படிக் குடும்பத்தை நாடும் உதவியால் பலன் கிடைத்ததா என்பது அளந்தால்தான் தெரியும். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் திட்டம் 1939 முதல், குற்றத்தைத் தடுக்கும் நோக்கில், சிறுவர்களின் வீடுகளுக்கு ஆலோசகர்களை அனுப்பியது. 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு மட்டுமே அந்த உதவி. 1978-இல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார்: உதவி பெற்றவர்களிடம் குற்றம் குறையவில்லை, சில அளவுகோல்களில் அவர்கள் நிலையே மோசம்.