திரை தானாகவே பூட்டிக்கொள்கிறதா?

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில், நெருக்கமான வீடுகளில் ஒரே லேப்டாப்பில்தான் பிள்ளையின் வகுப்பும் அம்மாவின் கணக்கும் நடக்கும். அடுப்பைக் கவனிக்க எழுந்துபோய் வந்தால் திரை பூட்டிக் கிடக்கும். கோபத்தில் பாஸ்வேர்டையே எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதற்குமுன், பூட்டுவது எது என்று பாருங்கள்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர். திரை அணையவும் லேப்டாப் தூங்கவும் எத்தனை நிமிடம் என்பது அங்கே இருக்கும். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் நேரம் தனித்தனி. பலர் ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள். கரண்ட் போனதும் பழைய கதைதான். அடுத்து அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ். அங்கே 'டைனமிக் லாக்' இயங்கினால், ப்ளூடூத்தில் இணைத்த போனோடு நீங்கள் தள்ளிப்போன சற்று நேரத்தில் திரை பூட்டிக்கொள்ளும். உபுண்டுவில் 'ஸ்கிரீன் லாக்' பகுதியைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தட்டச்சு செய்யும்போதே திரை அணைந்தால், காந்தத்தைச் சந்தேகியுங்கள். மூடி மூடியிருக்கிறதா என்பதைப் பல லேப்டாப்கள் காந்தத்தை வைத்தே அறிகின்றன. காந்தப் பட்டை உள்ள வாட்ச் அல்லது போன் கவர் கீபோர்டின் ஓரத்துக்கு வந்தால், மூடிவிட்டார்கள் என்று நினைத்துத் தூங்கிவிடும். வாட்சைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு நீண்ட டவுன்லோடு முடியும்வரை மட்டும் விழித்திருக்க வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் உள்ள 'அவேக்' போதும். நேரம் குறித்துவிட்டால் அதுவரை தூங்காது.

ஆபீஸ் லேப்டாப்பின் கதை வேறு. அங்கே நேரத்தைக் கம்பெனி வைக்கிறது, காரணத்தோடுதான். கார்டு விவரங்களைக் கையாளும் இடங்களுக்கான பிசிஐ விதி, 15 நிமிடம் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் கேட்கச் சொல்கிறது. இதை ஏமாற்ற மவுஸைத் தானாக ஆட்டும் கருவி வாங்காதீர்கள். கீபோர்டில் வேலை நடப்பதுபோல் காட்டினார்கள் என்று 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது. காரணத்தைச் சொல்லி ஐடி பிரிவிடமே நேரத்தைக் கூட்டித் தரக் கேளுங்கள்.

வீட்டு லேப்டாப்பில் நேரத்தை அரை மணியாக்குங்கள். கைரேகையோ பின் நம்பரோ வையுங்கள். பாங்க் கணக்கைத் திறக்கும் லேப்டாப்பில் பூட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.